உருண்டை வார்: சிறு கப்பியைக் கேட்டுத் தேர்வோம்



தையற்காரர் ஒருவர் மெஷினை மிதிக்கும்போது நாம் ஊசியைப் பார்க்கிறோம். துணி ஓடுவதைப் பார்க்கிறோம். மேசையிலுள்ள இரு துளைகளின் வழியே ஏறியும் இறங்கியும் ஓடிக்கொண்டிருக்கும் தோல் வாரைப் பார்ப்பவர் அரியர். சுண்டுவிரலினும் மெல்லிய அந்த வார்தான் காலின் உழைப்பை ஊசிக்குக் கொண்டு சேர்க்கிறது. அது தளர்ந்தால் கால் ஓடும், ஊசி நிற்கும்.

இத்தகைய வார்களைக் கடைக்காரர் 'ரவுண்டு பெல்ட்' என்பர். குறுக்கே வெட்டினால் வட்டமாகத் தெரிவதால் 'உருண்டை வார்' என்று நாம் சொல்லலாம். சிறுதொழில் இயந்திரங்களுக்கு இதனைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். நூலில் படித்து மட்டும் இதனை எழுதவில்லை. தவறு செய்து, அத்தவற்றின் சுமையை என் தந்தையாரின் கால்களில் ஏற்றி, அதன் பின்பு கற்றுக்கொண்டதையே எழுதுகிறேன்.

மட்டாஞ்சேரியில் ஒரு மழைக்காலம்

என் தந்தையார் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைப்பை நாடி மட்டாஞ்சேரிக்கு வந்தவர். குஜராத்தியரும் கொங்கணியரும் தமிழரும் மலையாளிகளோடு தோள் உரசி வாழும் ஊர் அது. மிளகும் சுக்கும் மணக்கும் ஒரு தெருவில், ஒரு மெஷின் போடும் அளவுக்கே இடமுள்ள கடை எங்களுடையது. பள்ளிச் சீருடைகளே எங்கள் வீட்டின் ஆண்டு வருவாயில் பெரும்பங்கு. கேரளத்தில் பள்ளிகள் ஜூன் மாதத் தொடக்கத்தில் திறக்கும். தென்மேற்குப் பருவமழையும் அதே நாட்களில்தான் இறங்கும். தோலோ ஈரத்தை உறிஞ்சி நீளும் இயல்புடையது. ஆகவே ஆண்டில் எந்த மாதம் மெஷின் நிற்காமல் ஓட வேண்டுமோ, அந்த மாதத்திலேயே எங்கள் வார் தளர்ந்துவிடும். தந்தையார் கொக்கியைக் கழற்றுவார், கால் அங்குலம் நறுக்குவார், மீண்டும் பூட்டுவார். இப்படி வாரத்துக்கு இருமுறை நடக்கும்.

இயற்பியல் முதுகலை படிக்கும் மகன் வீட்டில் இருக்கையில் இது ஏன் நடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஈரத்தில் நீளாத பாலியூரித்தேன் வாரை வாங்கி மாட்டுவது என்று முடிவு செய்தேன். பழைய வார் 5 மில்லிமீட்டர் தடிமன். தடித்தது வலியது என்று எண்ணி 8 மில்லிமீட்டர் வாங்கினேன். வளாகத்திலேயே அளந்து வெட்டி, முனைகளைச் சூடாக்கி ஒட்டி, அழகிய வளையமாக்கி, பேருந்தில் தோப்பும்படிப் பாலம் கடந்து வீடு கொண்டுவந்தேன்.

தந்தையார் அதை வாங்கிப் பார்த்தார். பின்பு மேசையின் இரு துளைகளைக் காட்டி, "இத எது வழியாலே உள்ள விடுவ?" என்றார். மூடிய வளையம் துளைக்குள் எப்படி நுழையும்? வெட்டினேன், துளைகளில் கோத்து, மெஷினிலேயே வைத்து மறுபடியும் ஒட்டினேன். இது முதற்பாடம்.

இரண்டாம் பாடம் கடுமையானது. வார் நழுவவில்லை, ஆனால் மிதி கனத்தது. மேற்சக்கரத்தின் அச்சு சுட்டது, கிறீச்சிட்டது. இரண்டு நாள் தந்தையார் ஒன்றும் சொல்லாமல் மிதித்தார். மூன்றாம் நாள் இரவு அவர் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். "கணக்கெல்லாம் சரிதாம்லே. ஆனா மிதிக்கது ஏங்காலுல்லா" என்றார். மறுநாள் காலை பழைய தோல் வார் மெஷினில் இருந்தது. கொடுத்த நாளுக்குத் துணியை முடிக்க இயலாமல் நான்கு வீட்டாரிடம் அவர் தவணை கேட்க நேர்ந்தது.

என் கணக்கு சரியில்லை என்பதே உண்மை. நான் கணக்கே போடவில்லை. பிறகு போட்டேன். அதை இங்கே காண்போம்.

வார் ஏன் பிடிக்கிறது?

கப்பியைச் சுற்றிய கயிறு ஏன் நழுவுவதில்லை என்பதை 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் ஆராய்ந்தார்; ஐட்டல்வைன் என்னும் ஜெர்மானியப் பொறியியலறிஞரின் பெயரும் இந்த விதியோடு சேர்த்து வழங்குகிறது. வாரின் இறுகிய பக்கத்து இழுவிசைக்கும் தளர்ந்த பக்கத்து இழுவிசைக்கும் உள்ள விகிதம், உராய்வும் வார் கப்பியைத் தழுவும் கோணமும் கூடக்கூட மிக விரைந்து பெருகும் என்பது விதியின் சாரம்.

எங்கள் மெஷினை அளந்தேன். வாரின் நடுக்கோட்டைக் கொண்டு அளந்தால் கீழ்ச்சக்கரத்தின் விட்டம் 300 மில்லிமீட்டர். மேல்சக்கரத்தின் விட்டம் 70. அச்சுகளுக்கு இடைத்தொலைவு 520. சிறிய சக்கரத்தை வார் தழுவும் கோணம் ஏறத்தாழ 154 பாகை. உராய்வுக் கெழு 0.3 எனக் கொள்வோம். சக்கரம் தட்டையாக இருந்தால் மேற்சொன்ன விகிதம் 2.2 மட்டுமே. ஆனால் அது தட்டையன்று; 40 பாகை கோணமுள்ள 'வி' வடிவக் காடி அதில் உண்டு. காடிக்குள் ஆப்புப் போல் இறங்கும் வாரை இரு பக்கச் சரிவுகளும் நெருக்குகின்றன. அதனால் உராய்வு ஏறத்தாழ மூன்று மடங்காகப் பயன்படுகிறது, விகிதம் 10.6 ஆகிவிடுகிறது. அதே வார், அதே இறுக்கம். காடி ஒன்றே வேறுபாடு!

நீராவி எஞ்சின் காலத்துப் பஞ்சாலைகள் பலவற்றில், எஞ்சினின் பெருஞ்சக்கரத்தில் வரிசையாகக் காடி வெட்டி, பருத்தி வடங்களைச் சுற்றி, மாடிதோறும் இயந்திரங்களை ஓட்டினர். நூற்பு ராட்டையில் பெருஞ்சக்கரத்திலிருந்து கதிருக்கு ஓடும் நூற்கயிறும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. வார் காடியின் இரு சரிவுகளையும் தொட வேண்டும். அடியைத் தொடக் கூடாது. மேல் விளிம்பில் ஏறியும் நிற்கக் கூடாது. மிக மெல்லிய வார் அடியில் உட்கார்ந்து ஆப்பின் பயனை இழக்கும். எங்கள் காடியின் வாய் 7 மில்லிமீட்டர். நான் வாங்கிய 8 மில்லிமீட்டர் வார் சரிவுக்குள் இறங்காமல் விளிம்புகளின் மேல் சவாரி செய்தது. அது நழுவாதிருக்க வேண்டுமானால் மிகுதியாக இறுக்கியே ஆகவேண்டும். நானும் இறுக்கினேன்.

வலிமை இருமடி, பிடிவாதம் நான்மடி

தடித்த வார் ஏன் மிதியைக் கனக்கச் செய்தது? கட்டுரையின் உயிர்நிலை இதுவே.

வாரின் இழுவலிமை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் இருமடியாக வளரும். 5 மில்லிமீட்டருக்குப் பதில் 8 மில்லிமீட்டர் போட்டால் வலிமை 2.56 மடங்காகும். கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஆனால் வளைவதற்கு அது காட்டும் எதிர்ப்பு விட்டத்தின் நான்மடியாக வளர்கிறது, அதாவது 6.55 மடங்கு! வலிமை இருமடியில் ஏற, பிடிவாதம் நான்மடியில் ஏறுகிறது.

ஒவ்வொரு சுற்றிலும் வார் சிறிய சக்கரத்தில் வளைந்து நிமிர வேண்டும். வளையும்போது அதன் வெளிப்புறம் நீள்கிறது; உட்புறம் சுருங்குகிறது. இந்த நீட்சி எவ்வளவு என்றால், வாரின் தடிமனைச் சக்கரத்தின் விட்டத்தால் வகுத்த அளவு. 70 மில்லிமீட்டர் சக்கரத்தில் 5 மில்லிமீட்டர் வாருக்கு 100க்கு 7. 8 மில்லிமீட்டர் வாருக்கு 100க்கு 11. வளைக்கச் செலவான உழைப்பு முழுவதும் நிமிரும்போது திரும்பி வருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. அந்த வீணை ஈடுசெய்வது மோட்டாராயின் மின்கட்டணம் ஏறும்; மனிதனாயின் முழங்கால் நோகும்.

மேலும், ஒரே விழுக்காடு இழுத்து மாட்டினாலும் தடித்த வார் அச்சினை 2.56 மடங்கு விசையோடு இழுக்கும். மேல்சக்கரத்தின் அச்சு சுட்டதற்கும் கிறீச்சிட்டதற்கும் காரணம் இதுவே.

இத்தனைக்கும் அந்த வலிமை நமக்குத் தேவையா? தந்தையார் நிமிடத்துக்கு 120 முறை மிதிக்கிறார். மேல்சக்கரம் 514 முறை சுற்றும். வாரின் வேகம் நொடிக்கு 1.9 மீட்டர். அவர் செலுத்தும் திறன் 20 வாட் என்று கொண்டால், வார் கடத்த வேண்டிய விசை ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையைத் தூக்கும் விசை, அவ்வளவே! இதற்கு 5 மில்லிமீட்டர் தாராளமாகப் போதும். வலிமைக் குறைவு எங்கள் நோயன்று, ஈரமே நோய். நான் நோய் ஒன்றிருக்க வேறொன்றுக்கு மருந்து கொடுத்தேன்.

முதற் கேள்வி சிறு கப்பிக்கே

ஆகவே வாரைத் தேர்வோர் முதலில் சுமையைக் கேட்கக் கூடாது. அந்த இயந்திரத்தின் மிகச் சிறிய கப்பியைக் கேட்க வேண்டும். சாதாரணக் கடினமுள்ள பாலியூரித்தேன் வாருக்குப் பொதுவான வழிகாட்டி இது: மிகச் சிறிய கப்பியின் விட்டம் வாரின் தடிமனைப்போல் ஏறத்தாழ 10 மடங்காவது இருக்க வேண்டும். தயாரிப்பாளர் அட்டவணை கிடைத்தால் அதுவே முடிவானது. 5 மில்லிமீட்டர் வார் 50 மில்லிமீட்டர் கப்பியைக் கேட்கும். எங்களிடம் 70 உண்டு. 8 மில்லிமீட்டர் வார் 80ஐக் கேட்கும், எங்களிடம் இல்லை. இந்த ஒருவரிக் கணக்கைக் கடை வாசலிலேயே போட்டிருந்தால் என் தந்தையாரின் இரண்டு நாள் வலி மிஞ்சியிருக்கும்.

பக்கத்து வீட்டு அக்காவின் மெஷினில் சிறு மோட்டார் பூட்டியிருக்கிறார்கள். அதன் கப்பி வெறும் 20 மில்லிமீட்டர். மேற்சொன்ன விதிப்படி அதற்கு 2 மில்லிமீட்டர் வாரே பொருந்தும். அது சுமை தாங்காது. ஆகவேதான் இத்தகைய மோட்டார்களுக்கு உட்புறம் பல் வெட்டிய ரப்பர் வார் கொடுக்கிறார்கள். பற்களுக்கிடையே உள்ள வெட்டுகள் அது எளிதில் வளைய இடம் தருகின்றன. அவ்விடத்தில் நம் உருண்டை வாரைத் திணிக்கக் கூடாது.

உருண்டை வாருக்கென்றே உரிய இடம் வேறு உண்டு. அது எந்தப் பக்கமும் வளையும். முறுக்கிக்கொண்டு திசை மாறியும் ஓடும். தட்டைப் பட்டைக்கும் 'வி' பட்டைக்கும் அது எளிதன்று. பொட்டலங்கள் உருளைகளின் மேல் நகர்ந்து செல்லும் கிடங்குகளில், ஓர் உருளையிலிருந்து அடுத்ததற்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லச் சிறு உருண்டை வார்கள் பூட்டப்படுவதைக் காணலாம்.

எந்தப் பொருள்?

தோல்: நன்கு பிடிக்கும், கத்தியும் கொக்கியும் இருந்தால் இரண்டு நிமிடத்தில் குறுக்கலாம், மின்சாரம் வேண்டா. குறை, ஈரத்தில் நீளும். கொக்கி கப்பியைக் கடக்கும்போதெல்லாம் 'டக்' என்று தட்டும். உலர்ந்த ஊரில் மிதி மெஷினுக்குத் தோலைவிட நல்லதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ரப்பர்: மிக எளிதில் வளையும், சிறு கப்பிக்கு ஏற்றது. ஆனால் இயற்கை ரப்பர் மெஷின் எண்ணெய் பட்டால் ஊதிப் பருத்துக் கெடும். எண்ணெய் தெறிக்கும் இடமாயின் நைட்ரைல் ரப்பரைக் கேட்டு வாங்க வேண்டும்.

பாலியூரித்தேன்: எண்ணெயைத் தாங்கும், தேய்மானம் குறைவு, முனைகளை உருக்கி ஒட்டலாம். கடினத்தை ஷோர் ஏ என்னும் அளவால் குறிப்பர். 85 என்பது பரவலாகக் கிடைப்பது. அதனினும் மென்மையானது சிறு கப்பிக்கும், 90க்கு மேற்பட்டது பெரிய கப்பிக்கும் மிகுந்த சுமைக்கும் உரியது. வெப்பம் இதற்குப் பகை. பொட்டலம் ஒட்டும் இயந்திரத்தின் சூடான பகுதிக்கு அருகே இதைக் கொண்டுசெல்லல் ஆகாது.

கொச்சியைப் போன்ற கடலோர ஊரில் வாழ்வோர் இன்னொன்றும் அறிய வேண்டும். பாலியூரித்தேனில் பாலியெஸ்டர் வகை, பாலியீதர் வகை என இரண்டு உண்டு. வெப்பமும் ஈரமும் கூடிய இடத்தில் நீர் பாலியெஸ்டர் வகையின் மூலக்கூற்றுப் பிணைப்புகளை நாளடைவில் உடைக்கும். வார் பிசுபிசுத்தும் வெடித்தும் போகும். பாலியீதர் வகை இதனை நன்கு எதிர்த்து நிற்கும். நம் வேதியியல் மாணவர்கள் நீராற்பகுப்பு என்று படிப்பது இதுதான். மட்டாஞ்சேரி மழையில் அது பாடப்புத்தகத்தை விட்டு வெளியே வந்து நிற்கிறது. கடையில் பச்சை, ஆரஞ்சு என்று நிறம் சொல்லுவர். நிறம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். வகையையும் கடினத்தையும் கேட்டு வாங்குங்கள்.

அளப்பதும் ஒட்டுவதும்

வாரின் நீளத்துக்கு மூன்று பகுதிகளைக் கூட்ட வேண்டும். அச்சுத் தொலைவின் இரு மடங்கு: 1,040. இரு விட்டங்களின் கூட்டலில் பாதியை 3.14ஆல் பெருக்கியது: 581. விட்டங்களின் வேறுபாட்டை இருமடியாக்கி, அச்சுத் தொலைவின் நான்கு மடங்கால் வகுத்தது: 25. ஆக 1,646 மில்லிமீட்டர். கணக்கில் நம்பிக்கை இல்லாதவர் ஒரு நூலைச் சுற்றி அளந்து ஒப்பிடலாம். மாட்டும்போது வார் 100க்கு 5 பங்கு நீண்டிருக்க வேண்டுமென்றால் 1,646ஐ 1.05ஆல் வகுத்து, ஏறத்தாழ 1,570 மில்லிமீட்டருக்கு வெட்ட வேண்டும்.

ஒட்டும் முறை இது. முனைகளை நேர்க்கோணமாக வெட்டுக. மேசைத் துளைகளில் கோத்த பின்பே ஒட்டுக. சூடான தகட்டின் இரு பக்கமும் இரு முனைகளையும் வைத்து, உருகிய விளிம்பு திரண்டதும் தகட்டை உருவி, முனைகளை நேராக அழுத்திப் பிடிக்க. முற்றும் ஆறும்வரை அசைக்கற்க. பிதுங்கிய வளையத்தைக் கத்தரியால் நறுக்கி வழவழப்பாக்குக. புகை வருமளவு காய்ச்சினால் பொருளும் கெடும். அப்புகை மூச்சுக்கும் தீது. சன்னலைத் திறந்துவைத்தே செய்க. மோட்டார் ஓடும் இயந்திரமாயின் மின்செருகியைப் பிடுங்காமல் வாரைத் தொடலாகாது.

புதிய வார் முதல் ஓரிரு நாளில் தன் இறுக்கத்தில் ஒரு பகுதியை விட்டுவிடும். ஆகவே முதல் ஒரு மணி நேர ஓட்டத்தைக் கண்டு அதன் தகுதியை முடிவுகட்ட வேண்டா.

மறுபடியும் மெஷினருகே

இக்கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தந்தையாரிடம் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. நான் கையில் வைத்திருந்த 5 மில்லிமீட்டர் வாரை வாங்கி விரலில் சுற்றி வளைத்துப் பார்த்தார். முன்பு வாங்கிய 8 மில்லிமீட்டர்த் துண்டையும் எடுத்து அவ்வாறே வளைத்தார். "இது சொன்னபடி கேக்கும், அது கேக்காது" என்றார். நான்மடி விதியை அவர் விரல் ஒரு நொடியில் கண்டுகொண்டது. முதல் வாரை மாட்டுமுன் நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று வெட்கினேன்.

அந்தப் பாலியீதர் வாரை அன்றிரவே மாட்டினோம். மழை விட்டபாடில்லை, வாரும் தளரவில்லை, மிதியும் கனக்கவில்லை. மிஞ்சிய சீருடைகளை இருவரும் விழித்திருந்து முடித்தோம். பொத்தான் தைத்தது நான். தோல் வார் ஒன்றைச் சுருட்டி இழுப்பறையில் அவர் இன்றும் வைத்திருக்கிறார். மின்சாரமோ சூடான தகடோ இல்லாத நாளில் வார் அறுந்தால் அதுதானே துணை! அதையும் நான் மறுக்கவில்லை.

நண்பர்களே! நம்மில் பலருடைய வீட்டில் தையல் மெஷினோ, நூற்பு ராட்டையோ, சிறு பட்டறையோ இருக்கக்கூடும். அதன் உழைப்பில்தான் நம் கட்டணம் இங்கே வந்து சேர்கிறது. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஓர் அளவுகோலை எடுத்துச் செல்லுங்கள். சிறிய கப்பியின் விட்டம், காடியின் வாய், அச்சுத் தொலைவு என்னும் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு, அந்த இயந்திரத்தை ஓட்டுபவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். கடைக்குப் போவது அதன் பிறகு ஆகட்டும்.